உங்களுக்குத் தெரியுமா? லட்டு நெய் கழுத்தில் கலக்கிறது!

திருப்பதி லட்டில் இருக்கும் நெய் உங்கள் ரத்தத்தில் எங்கே போய்க் கலக்கிறது, சொல்லுங்கள் பார்ப்போம்! வயிற்றில் இல்லை. குடலில் இல்லை. இடது கழுத்தின் அடியில்!

லட்டின் சர்க்கரை குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போய்விடும். நெய்யின் பெரும்பகுதி அந்தப் பக்கமே திரும்பாது. குடல் சுவரில் இருக்கும் மிக நுண்ணிய நிணநீர்க் குழாய்களுக்குள் புகும். முதுகெலும்பை ஒட்டி நெஞ்சுக்குள் ஏறும். இடது காறை எலும்புக்குப் பின்னால் இருக்கும் சிரையில் கொட்டும். ஒரே லட்டு, இரண்டு பாதை!

நிணநீர் சாதாரணமாகத் தெளிந்த நீர். லேசான மஞ்சள். குடலிலிருந்து கொழுப்பு ஏறிவிட்டால்? பால் வெள்ளை!

நெய் ஏறிப்போகும் அந்தப் பெரிய குழாயின் நீளம் சுமார் 40 சென்டிமீட்டர். உடம்பின் முக்கால் பங்கு நிணநீர் இது ஒன்றின் வழியாகத்தான் ரத்தத்தில் சேருகிறது!

வலது பக்கத்துக் குழாய்? அதன் நீளம் ஏறக்குறைய ஒரே ஒரு சென்டிமீட்டர்! தலையில் வலது பாதி, வலது கை, நெஞ்சின் வலப்பக்கம். அவ்வளவுதான் அதன் ராஜ்ஜியம். உங்கள் வலது கால் கட்டை விரலில் கிளம்பும் நிணநீர்கூட இடது கழுத்துக்குத்தான் போய்ச் சேரும்!

அதனால்தான் இந்த விபரீதமும் நடக்கிறது. புற்றுநோய் இருப்பது இரைப்பையில். கட்டி தெரிவது இடது காறை எலும்புக்கு மேலே! 1848-லேயே இதைக் கவனித்து எழுதியவர் ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ஹோ. அந்த நிணநீர் முடிச்சுக்கு இன்றும் அவர் பெயர்தான்!

உங்கள் இதயம் ஒரு நாளில் தள்ளும் ரத்தம் சுமார் 7,000 லிட்டர். அதே 24 மணி நேரத்தில் நிணநீர்க் குழாய்கள் ரத்தத்துக்குத் திருப்பித் தருவது வெறும் 3 லிட்டர் சொச்சம். இதயத்துக்கு அது ஒரு நிமிட வேலைகூட இல்லை!

ஆனால் அந்த 3 லிட்டர் திரும்பி வராவிட்டால்? ரத்தக் குழாய்களிலிருந்து கசிந்த புரதமெல்லாம் திசுக்களிலேயே தங்கிவிடும். உடலியங்கியல் பாடநூல் கொடுக்கும் கெடு சுமார் 24 மணி நேரம். அதற்குமேல் உயிர் நிற்காது!

இவ்வளவு முக்கியமான வேலை. ஆனால் நிணநீர் மண்டலத்துக்கு இதயமே கிடையாது! தவளைக்கு உண்டு. நிணநீரைத் தள்ளுவதற்கென்றே தவளைக்குத் தனி இதயங்கள் இருப்பதை 1832-ல் யோகன்னஸ் முல்லர் கண்டுபிடித்தார். தவளைக்குக் கிடைத்தது நமக்குக் கிடைக்கவில்லை!

அப்படியானால் பாதத்தில் இருக்கும் நிணநீர் கழுத்துவரை எப்படி ஏறுகிறது? கெண்டைக்கால் தசை பிழிகிறது. மூச்சு மேலே இழுக்கிறது. பக்கத்து ரத்தக் குழாயின் துடிப்பு தட்டிக் கொடுக்கிறது. நிணநீர்க் குழாய்களும் தாங்களாகவே நிமிடத்துக்குச் சில தடவை சுருங்குகின்றன. உள்ளே சில மில்லிமீட்டருக்கு ஒரு வால்வு. சைக்கிள் டியூப் வால்வு மாதிரி ஒரே திசை. ஏறியது இறங்காது!

இப்போது மலையடிவாரத்தில் இருக்கும் அலிபிரிக்கு வாருங்கள். திருமலைக்கு 3,550 படிகள்! ஒவ்வொரு படிக்கும் கெண்டைக்கால் ஒரு முறை இறுகி ஒரு முறை தளர்கிறது. மூச்சோ மேலும் கீழும் வாங்குகிறது. உடல் உழைக்கும்போது நிணநீர் ஓட்டம் 10 மடங்குக்கும் மேல் கூடும். 'கோவிந்தா' என்று அடிவயிற்றிலிருந்து குரல் கொடுக்கும்போது உதரவிதானமும் சேர்ந்து வேலை செய்கிறது!

ஸ்ரீவாரி மெட்டு வழியாக ஏறினால் 2,388 படிகள். பாதை குறைவு, ஏற்றம் செங்குத்து. கெண்டைக்காலுக்கு விடுமுறை அங்கேயும் இல்லை!

மேலே போய் தரிசனத்துக்காக வைகுண்டம் கியூ காம்ப்ளெக்ஸில் மணிக்கணக்காக அசையாமல் உட்கார்ந்தால்? கால் கனக்கும். பாதம் பொதபொதவென்று ஆகும். விரல் வைத்து அழுத்தினால் பள்ளம் விழும். குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். நிணநீர் உடனே மேலே கிளம்பும்!

சேஷாசலம் காட்டோரத்தில் கண்ணாடி விரியன் கடித்துவிட்டதா? ஓடவே கூடாது! பாம்பு விஷத்தின் பெரிய புரத மூலக்கூறுகள் முதலில் ஏறும் வண்டி நிணநீர்தான். கால் தசை அசைந்தால் நிணநீர் ஓடும். நிணநீர் ஓடினால் விஷமும் ஓடும். கயிறு போட்டு இறுக்கவும் வேண்டாம். கட்டையை வைத்துக் காலை அசையாமல் கட்டி, ஆளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்!

நிணநீர்க் குழாயை உலகுக்குக் காட்டியது ஒரு நாய்! 1622, ஜூலை 23. இத்தாலி மருத்துவர் கஸ்பாரே அசெல்லி நாயின் வயிற்றைத் திறந்தார். குடலைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக நூல்கள். நரம்பு என்று நினைத்து ஒன்றைக் கீறினார். பால் பீறிட்டது! காரணம்? அந்த நாய் அப்போதுதான் வயிறு நிறையத் தின்றிருந்தது. பட்டினி நாயாக இருந்திருந்தால் ஒன்றுமே தெரிந்திருக்காது!

அசெல்லியின் புத்தகம் அவர் இறந்த பிறகுதான் வந்தது. 1627-ல். ரத்த ஓட்டத்தைப் பற்றி வில்லியம் ஹார்வி எழுதிய புகழ்பெற்ற நூலுக்கு ஒரு வருடம் முந்தியது! வண்ணத்தில் அச்சான முதல் உடற்கூறு படங்கள் இருந்ததும் அதில்தான்!

1652-ல் ஸ்வீடன் ராணி கிறிஸ்டினாவின் முன்னால் நிணநீர்க் குழாய்களை அறுத்துக் காட்டினார் ஓலோஃப் ருட்பெக். அப்போது அவருக்கு வயது 21!

இனி வருவதுதான் பெரிய அதிசயம். திருப்பதி எஸ்.வி. மருத்துவக் கல்லூரி தொடங்கியது 1960-ல். அங்கே 2015-க்கு முன் படித்து வெளியே வந்த டாக்டர்கள் அத்தனை பேரும், மூளைக்கு நிணநீர்க் குழாய் கிடையாது என்றுதான் படித்தார்கள். திருப்பதியில் மட்டுமா? சென்னையில், லண்டனில், பாஸ்டனில், எங்கும் அதே பாடம்!

2015-ல் அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஜோனதன் கிப்னிஸ் குழுவும், பின்லாந்தில் காரி அலிடாலோ குழுவும் எலியின் மூளை உறையில் அதைக் கண்டுபிடித்தன. பாடநூலைத் திருத்த வேண்டியதாயிற்று!

அதைவிட ஆச்சரியம் இதோ! இத்தாலியின் பாவ்லோ மஸ்காக்னி பாதரசத்தை ஏற்றி ஏற்றி உடம்பெங்கும் நிணநீர்க் குழாய்களை வரைந்தவர். மூளை உறையிலும் அவை இருப்பதாக 1787-லேயே எழுதி வைத்துவிட்டார். யாரும் நம்பவில்லை. 228 வருடம் காத்திருந்தது அந்த உண்மை!

உங்கள் உடம்பில் சுமார் 600 நிணநீர் முடிச்சுகள் இருக்கின்றன. பெரும்பாலும் அவரைக்கொட்டை வடிவம். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கழுத்தில் மட்டும்! சாதாரணச் சளிக்குக்கூடக் கழுத்தில் நெறிகட்டுவது இதனால்தான்.

வெறுங்காலோடு மலை ஏறினீர்கள். கட்டை விரலில் கல் குத்தியது. நெறி எங்கே கட்டும்? தொடை இடுக்கில்! அடிபட்டது ஓரிடம், படை திரள்வது மூன்றடி தள்ளி!

நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்களில் ஒரு வகை லிம்போசைட்டுகள். உடம்பில் அவை சுமார் 2 லட்சம் கோடி. ரத்தத்தில் ஓடுவது அதில் 2 சதவீதம்தான். மிச்சமெல்லாம் முடிச்சுகளிலும், மண்ணீரலிலும், குடலிலும், எலும்பு மஜ்ஜையிலும் முகாமிட்டிருக்கின்றன. உங்கள் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் வருவது அந்த 2 சதவீதத்தின் கணக்கு மட்டுமே!

கையில் பச்சை குத்திய பாட்டி உங்கள் வீட்டில் உண்டா? அந்த மையில் ஒரு பகுதி கையில் இல்லை. அக்குள் முடிச்சில் இருக்கிறது! பச்சை குத்தியவர்களின் நிணநீர் முடிச்சுகளைத் திறந்து பார்த்த மருத்துவர்கள், அவை சாயம் ஏறிக் கிடப்பதைக் கண்டிருக்கிறார்கள்.

விறகடுப்புப் புகை, லாரிப் புகை எல்லாம் நுரையீரலோடு நிற்பதில்லை. நுரையீரலை ஒட்டிய நிணநீர் முடிச்சுகள் அந்தக் கரியை வாங்கி வைத்துக்கொள்ளும். வயதானவர்களின் நெஞ்சுக்குள் அவை கன்னங்கரேல் என்று இருக்கும்!

டைஃபாய்டு கிருமி உடம்புக்குள் நுழையும் வாசல் எது தெரியுமா? நம்மைக் காப்பதற்காகச் சிறுகுடலில் இருக்கும் நிணநீர்த் திட்டுகள்தான்! காவல்காரன் வழியாகவே உள்ளே நுழையும் திருடன்!

நெஞ்செலும்புக்குப் பின்னால் ஒரு சுரப்பி. பெயர் தைமஸ். பருவ வயதில்தான் அதன் உச்ச எடை. பிறகு வருடா வருடம் சுருங்கிக் கொழுப்பாகிவிடும். அது எதற்கு என்றே 1961 வரை யாருக்கும் தெரியாது! கண்டு சொன்னவர் ஜாக் மில்லர். லிம்போசைட்டில் ஒரு வகையை டி செல் என்கிறார்களே, அந்த 'டி' தைமஸிலிருந்து வந்தது.

பி செல்லின் 'பி' எங்கிருந்து வந்தது? கோழியின் பின்புறத்திலிருந்து! அங்கே பர்சா என்று ஒரு சிறு பை இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் கோழிக்கு நோய் எதிர்ப்புப் புரதம் உருவாவதில்லை என்று அமெரிக்க மாணவர் புரூஸ் கிளிக் கண்டது 1956-ல். சித்தூர் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருப்பவர்களுக்கு கம்போரோ நோய் என்றாலே கதிகலங்கும். அது அழிப்பது இதே பையைத்தான்!

இப்போது சித்தூரிலிருந்து பலமநேர் வழியாக பெங்களூர் ரோட்டில் போவோம். கர்நாடக எல்லை தாண்டியதும் முல்பாகல். திருப்பதிக்கும் பெங்களூருக்கும் ஓடும் பஸ்கள் தினமும் கடக்கும் ஊர். 1966-ல் இந்தியாவில் பரிசோதனைச் சாலையில் உறுதி செய்யப்பட்ட மனிதப் பிளேக் இந்த வட்டாரத்தில்தான்! அதற்குப் பிறகு 1994 வரை நாட்டில் பிளேக் தலைகாட்டவே இல்லை. 28 வருட இடைவெளி!

பிளேக் என்றால் எலி மட்டும் நினைவுக்கு வரும். ஆனால் அந்த நோயின் அடையாளமே நிணநீர் முடிச்சுதான்! தொடை இடுக்கிலும் அக்குளிலும் முடிச்சு கோழிமுட்டை அளவு வீங்கும். 1894-ல் ஹாங்காங்கில் அலெக்ஸாண்டர் யெர்சின் பிளேக் கிருமியைப் பிடித்தது எங்கிருந்து? அப்படி வீங்கிய முடிச்சுக்குள்ளிருந்து!

சித்தூர், கோலார், கிருஷ்ணகிரி. மூன்று மாநிலம் முட்டிக்கொள்ளும் இந்த முக்கோணத்தைத்தான் பிளேக்கின் பழைய புகலிடங்களில் ஒன்றாகச் சுகாதாரத் துறை கணக்கில் வைத்திருக்கிறது!

அடுத்து மதனப்பள்ளி. பல காலம் சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர். 1919-ல் ரவீந்திரநாத் தாகூர் 'ஜன கண மன'வுக்கு ஆங்கில வடிவம் எழுதியது இங்கேதான் என்று பலருக்கும் தெரியும். நிணநீர் சரித்திரத்தில் இந்த ஊருக்கு இருக்கும் இடம் யாருக்குத் தெரியும்?

ஊருக்குப் பக்கத்தில் ஆரோக்கியவரம். 1915-ல் காசநோய் சானடோரியம் தொடங்கிய இடம். மருந்தே இல்லாத காலத்தில் தென்னிந்தியாவெங்கும் இருந்து நோயாளிகள் ரயிலேறி வந்த இடம். இந்தியாவின் முதல் பி.சி.ஜி. தடுப்பூசி போடப்பட்டதும் மதனப்பள்ளியில்தான். 1948, ஆகஸ்டில்!

குழந்தைக்கு இடது தோளில் பி.சி.ஜி. போட்டார்கள். சில வாரம் கழித்து இடது அக்குளில் ஒரு சின்ன முடிச்சு. அம்மா பதறுவாள். பெரும்பாலும் அது தானே அடங்கிவிடும். ஊசி போட்ட கையின் நிணநீர் போகும் இடம் அந்த அக்குள்தான்! பெரிதாகிக்கொண்டே போனாலோ உடைந்தாலோ டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.

காசநோய் கழுத்து முடிச்சுகளைப் பிடித்தால் அதற்கு நம் வைத்தியர்கள் வைத்த பெயர் கண்டமாலை. இங்கிலாந்தில் அந்தக் காலத்தில் இதற்கு வைத்தியம் என்ன தெரியுமா? ராஜா கையால் தொடுவது! பின்னாளில் ஆங்கில அகராதி எழுதிப் புகழ்பெற்ற சாமுவேல் ஜான்சனை, குழந்தையாக இருந்தபோது 1712-ல் ஆன் ராணி தொட்டார். நோய் போகவில்லை! இன்று ஆறு மாத மாத்திரையில் பெரும்பாலும் குணமாகிவிடுகிறது. அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்.

ஆரோக்கியவரத்துக்கே திரும்புவோம். 1940. டென்மார்க்கிலிருந்து வந்த டாக்டர் ஃப்ரிமோட் மொல்லரும் அவருடன் பணியாற்றிய டாக்டர் பார்ட்டனும் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார்கள். நோயாளிக்கு ராத்திரியில் விடாத இருமல். எக்ஸ்ரேயில் நுரையீரல் முழுக்கப் புள்ளிகள். பார்த்தால் அச்சு அசல் காசநோய். ஆனால் சளியில் காசநோய்க் கிருமி இல்லை! ரத்தத்தில் மட்டும் ஈஸ்னோபில் என்ற வெள்ளை அணுக்கள் எகிறிக் கிடந்தன. போலிக் காசநோய் என்று பெயரிட்டு மருத்துவ இதழில் எழுதினார்கள்.

ஆமாம், நம் வீடுகளில் பாட்டி முதல் பேரன் வரை சர்வசாதாரணமாகச் சொல்லும் அந்த 'ஈஸ்னோபீலியா'! அதன் கடுமையான வெப்பநாட்டு வடிவத்தை முதன்முதலில் தெளிவாக எழுதிய இடங்களில் ஒன்று நம் சித்தூர் மாவட்டம்!

அதன் காரணம் பின்னால்தான் தெரிந்தது. கேட்டால் நம்ப மாட்டீர்கள். யானைக்கால் புழு! நிணநீர்க் குழாயில் வாழும் புழுவின் குஞ்சுகள் நுரையீரலில் சிக்க, உடம்பு அவற்றோடு போடும் சண்டைதான் அந்த இருமல்!

தெலுங்கில் போதகாலு. தமிழில் யானைக்கால். ஏழாம் நூற்றாண்டிலேயே மாதவ நிதானம் என்ற ஆயுர்வேத நூல் இந்த நோய்க்குத் தனி அத்தியாயம் ஒதுக்கிவிட்டது!

பெண் புழுவின் நீளம் 8 முதல் 10 சென்டிமீட்டர். பருமன் தையல் நூல் அளவு. நிணநீர்க் குழாய்க்குள் ஜோடி ஜோடியாகச் சுருண்டு கிடக்கும். ஆயுள் 6 முதல் 8 வருடம். அதற்குள் போடும் குஞ்சுகள் லட்சக்கணக்கில்!

குஞ்சுகளுக்குக் கடிகாரம் தெரியும்! பகலில் நுரையீரல் ரத்தக் குழாய்களில் ஒளிந்திருக்கும். ராத்திரி 10 மணி முதல் 2 மணிக்குள் தோலருகே ரத்தத்துக்கு வந்துவிடும். ஏன் அந்த நேரம்? கியூலெக்ஸ் கொசு கடிக்க வருவது அப்போதுதான்! அதனால்தான் யானைக்கால் ஒழிப்பு ஊழியர்கள் ராத்திரி வீடு வீடாக வந்து விரல் குத்தி ரத்தம் எடுத்தார்கள்.

ஆளைப் பகலில் தூங்க வைத்து, ராத்திரி விழிக்க வைத்தால்? சில நாட்களில் குஞ்சுகளும் நேரத்தை மாற்றிக்கொள்ளும்! லண்டனில் ஸ்டீபன் மெக்கன்சி என்ற மருத்துவர் 1881-லேயே இதைச் செய்து பார்த்துவிட்டார்.

குஞ்சை மனித ரத்தத்தில் முதலில் பார்த்த ஊர் நம் கல்கத்தா. பார்த்தவர் டிமோதி லூயிஸ், 1872-ல். தாய்ப்புழுவைக் கண்டது ஆஸ்திரேலியாவில் ஜோசஃப் பேங்க்ராஃப்ட், 1876-ல். கொசுவுக்கும் இதற்கும் முடிச்சுப் போட்டது சீனாவில் பேட்ரிக் மேன்சன், 1877-ல். கொசு ஒரு நோயைச் சுமக்கிறது என்று மனிதன் அறிந்தது அதுதான் முதல் தடவை. செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவுக்குள் மலேரியாவைக் கண்டது 1897-ல். மலேரியாவை யானைக்கால் 20 வருடம் முந்திக்கொண்டது!

காலை மட்டும் வீங்க வைப்பதோடு இந்தப் புழு நிற்பதில்லை. குடல் நிணநீர் வழி தவறிச் சிறுநீர்ப் பாதையில் உடைந்துகொண்டால் சிறுநீர் பால் போல் வரும். அதுவும் நெய்ச்சோறு, லட்டு என்று கொழுப்பாகச் சாப்பிட்ட அன்றைக்கு இன்னும் வெள்ளையாக!

சரி, இந்தப் புழுவுக்கு மருந்து கண்டது யார்? இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாப்ரகட சுப்பாராவ்! 1895-ல் ஆந்திராவின் பீமவரத்தில் பிறந்தவர். டாக்டருக்குப் படித்தது சென்னை மருத்துவக் கல்லூரியில்!

காந்தி அழைத்தார் என்று கதராடையோடு அறுவை சிகிச்சை வகுப்புக்குப் போனார் சுப்பாராவ். வெள்ளைக்காரப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வில் நன்றாக எழுதியும் எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை. கொடுத்தது அதற்குக் குறைந்த எல்.எம்.எஸ்.! சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு பாடம் நடத்திவிட்டு, 1922-ல் பாஸ்டனில் போய் இறங்கினார். வயிற்றுப்பாட்டுக்கு ஆஸ்பத்திரியில் ராத்திரி வேலை!

அந்தக் கதர்க்காரர் வழிநடத்திய லெடர்லே ஆய்வுக்கூடத்திலிருந்து 1947-ல் வந்தது ஹெட்ரசான். டி.இ.சி. என்கிறோமே, அதேதான். அந்த மாத்திரைதான் இன்றும் யானைக்கால் ஒழிப்பின் அச்சாணி. 75 வருடம் தாண்டியும் அதற்கு ஓய்வில்லை!

மதனப்பள்ளியின் போலிக் காசநோய்க்கு எது மருந்தானது? அதே ஹெட்ரசான்! 1958-ல் சிங்கப்பூரில் டாக்டர் டி.ஜே. தனராஜ் அது பலிப்பதை எழுதினார். 1959-ல் வேலூர் சி.எம்.சி.யின் செல்வின் பேக்கர் குழு 'லான்செட்' இதழில் பரிசோதித்து எழுதியது. சித்தூரில் கவனித்த நோய், பீமவரத்துக்காரர் தந்த மருந்து, சித்தூருக்கு அடுத்த ஊரில் நடந்த சோதனை!

இன்னொன்றும் கேளுங்கள். லிம்போசைட்டுகளே கட்டுமீறிப் பெருகினால் அது ரத்தப் புற்றுநோய். 1947-ல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர், சாகும் தறுவாயில் இருந்த குழந்தைகளுக்கு ஒரு மருந்து கொடுத்தார். தற்காலிகமாகவேனும் நோய் பின்வாங்கியது. உலகில் முதல் தடவை! மருந்தின் பெயர் அமினோப்டெரின். தயாரித்துக் கொடுத்தது? சுப்பாராவின் அதே ஆய்வுக்கூடம்! அதன் தம்பியான மெத்தோட்ரெக்சேட்டை இன்றும் டாக்டர்கள் எழுதிக் கொடுக்கிறார்கள்.

இத்தனையும் செய்தவர் 1948 ஆகஸ்டில் இறந்தார். வயது 53. நோபல் இல்லை. 1995-ல் நூற்றாண்டுக்கு ஒரு தபால் தலை. ஒரு பூஞ்சைப் பேரினத்துக்கு சுப்பரோமைசஸ் என்று அவர் பெயர். சென்னை மருத்துவக் கல்லூரிக்கு எதிரே இருக்கும் சென்ட்ரல் ஸ்டேஷனில் தினமும் இறங்கும் லட்சம் பேரைக் கேளுங்கள், எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்? இது பெரிய அநியாயம்!

அவருடைய மருந்தைச் சமையல் உப்பிலேயே கலந்து மக்களுக்குக் கொடுத்த நாடு சீனா. 2007-ல் யானைக்கால் அங்கே ஒழிந்தது! 2016-ல் இலங்கையும் ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ராமேஸ்வரத்துக்கு எதிர்க்கரையில் முடிந்த காரியம்! இந்தியாவின் இலக்கு 2027.

நோய் இருக்கும் மாவட்டங்களில் மாத்திரை வருடத்துக்கு ஒரு தடவைதான், வீடு தேடி வரும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், கடுமையாக நோயுற்றவர்கள் தவிர மற்ற எல்லோருக்கும் உண்டு. உடம்பில் ஒன்றுமில்லையே என்று தலையணைக்கடியில் வைத்துவிடாதீர்கள். புழு இருக்கும் பலருக்கு வருடக்கணக்கில் ஒரு அறிகுறியும் தெரியாது!

ஏற்கெனவே கால் வீங்கியவர் வீட்டில் இருக்கிறாரா? அடிக்கடி குளிர் ஜுரம் வந்து கால் சிவந்து போகிறதா? அதைக் குறைக்க நிரூபணமான வழி ஒன்று உண்டு. சோப்பும் தண்ணீரும்! தினமும் கழுவி, விரலிடுக்கில் ஈரம் போகத் துடைத்து, ராத்திரி காலை உயர்த்தி வைத்துப் படுக்கச் சொல்லுங்கள். இன்று ராத்திரியே ஆரம்பித்துவிடுங்கள்!